மருத்துவக் கருவிகளும் அவற்றினுள் உறையும் கட்டளைகளும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்திய உரை)



கழகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். கல்வியின் சிறப்பைப் பற்றி நம்மினும் நன்கு பேச வல்லோர் இம்மேடையில் பலர் உள்ளனர். ஆதலின் நாம் நமது தொழிலைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தோம். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது நமது தொழில். இதனைக் கேட்டு, விழா மேடையில் பேசத்தக்க பொருள் தானா இது என்று சிலர் எண்ணக் கூடும். பேசி முடித்த பின் அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

ஒரு மருத்துவமனை, அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே ஸ்கேன் கருவியோடு இணைந்த கணிப்பொறி ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 'தொடாதே' என்று அதில் எழுதியிருந்தது. தொடாதே என்னும் சொல் நம் செவிக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் நாள்தோறும் கேட்ட சொல் அது. எனினும் அன்று நாம் சினம் கொள்ளவில்லை, சிரித்துக் கொண்டோம். சீட்டை ஒட்டியவர் கருவியை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் என்ஜினியர். கணிப்பொறியில் எவரேனும் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது அவர் கூறிய காரணம். அக்கணிப்பொறியில் இருந்ததோ விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8ஆம் நாளுக்குப் பின் அதற்குத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன் பின்னரும் ஆண்டுகள் பல கடந்தன. சீட்டு அங்கேயே இருந்தது. நாமும் தொடவில்லை.

ஒருநாள் யாரோ படங்களைப் பிரதி எடுப்பதற்காக ஒரு பென்டிரைவைச் செருகினர். அதன் வழியாக வைரஸ் புகுந்தது. மூன்று நாள் ஸ்கேன் அறை மூடிக் கிடந்தது. முதல் நாள் காலையில், இரண்டு பேருந்து மாறி வந்திருந்த ஒரு மூதாட்டியிடம் 'இன்றைக்கு இல்லை, போய் வாருங்கள்' என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் நாம் என்ன விடை சொல்லியிருப்போம் என்று பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. கருவி பழுது என்று சொல்லியிருப்போம். அது உண்மையன்று. கருவியில் ஒரு திருகும் கழலவில்லை. அதைக் காக்கும் கடமை யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுவே பழுது.

இன்று நோயாளியின் கட்டிலருகே நிற்கும் கருவிகளுள் கணிப்பொறி இல்லாதவை அரியனவாகிவிட்டன. மருந்தை அளந்து செலுத்தும் பம்பு, வென்டிலேட்டர், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், இரத்தம் சோதிக்கும் கருவி, நெஞ்சுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் ஆகிய எல்லாவற்றினுள்ளும் சிறிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதனை நடத்தும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். இரும்பு தேயும், ரப்பர் வெடிக்கும், கம்பி அறும். அவற்றை நாம் கண்ணால் கண்டு மாற்றுகிறோம். மென்பொருள் தேய்வதில்லை. அதன் பிழை எழுதிய நாளிலேயே உள்ளே புகுந்துவிடுகிறது. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வரிசையில் விசைகளைத் தட்டும்போது அது வெளிப்படுகிறது. அதற்கு முந்தைய நாள் வரை கருவி நல்ல கருவி என்று பெயர் பெற்றிருக்கும்.

இதற்குச் சான்றாக உலகெங்கும் பொறியியல் மாணவர்க்குக் கற்பிக்கப்படும் வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கனடா நாட்டு அரசு நிறுவனமான அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் தெராக்-25 என்னும் கருவியைச் செய்தது. அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாகப் பதினொரு கருவிகள் நிறுவப்பட்டன. அதற்கு முந்தைய தெராக்-20 கருவியில், கதிர் தவறான நிலையில் பாயாதபடி தடுக்கும் பூட்டுகள் மின்சுற்றிலேயே தனியாக இருந்தன. புதிய கருவியில் அப்பூட்டுகளை நீக்கிவிட்டு, காவல் முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைத்தனர். அம்மென்பொருளை எழுதியவர் ஒருவரே. பழைய கருவிகளின் கட்டளைகள் பலவும் அதில் அப்படியே எடுத்தாளப்பட்டன.

1985 ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணி, தம் உடல் சுட்டுவிட்டது என்று கருவியை இயக்கியவரிடம் உடனே கூறினார். அப்படி நேர இயலாது என்று அவருக்கு விடை கிடைத்தது. அடுத்த மாதம் கனடாவின் ஹாமில்டன் நகரில் மற்றொருவர்க்கு நேர்ந்தது. நிறுவனத்தார் ஒரு சிறிய ஸ்விட்சின் மேல் ஐயம் கொண்டு அதனை மாற்றி அமைத்தனர். பாதுகாப்பு முன்னைவிட ஒரு லட்சம் மடங்கு உயர்ந்துவிட்டதாகக் கணக்கும் காட்டினர். அந்த ஸ்விட்சே காரணம் என்று அவர்கள் உறுதி செய்திருக்கவில்லை. டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் ஒரு பெண்ணின் தோலில் கோடு கோடாகச் சிவந்த தழும்புகள் தோன்றின. மருத்துவமனை எழுதிக் கேட்டதற்கு, இக்கருவியால் அது நேர்ந்திருக்க முடியாது, வேறெவர்க்கும் இத்தகைய தீங்கு நேர்ந்ததாகவும் இல்லை என்று 1986 பிப்ரவரியில் விடை வந்தது. அதற்கு முன்பே இருவர்க்கு நேர்ந்திருந்தது!

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரம். கருவியை இயக்கிய பெண்மணி தம் வேலையில் கைதேர்ந்தவர். பெரும்பாலான நோயாளிகளுக்கு எக்ஸ்-கதிர் சிகிச்சை என்பதால், பழக்கத்தின் காரணமாக எக்ஸ்-கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். அன்றைய நோயாளிக்கு வேண்டியதோ எலெக்ட்ரான் கதிர். தவறை உடனே கண்டுகொண்டு, அம்புக்குறி விசையால் மேலே சென்று எழுத்தைத் திருத்தி, மற்றவற்றை விரைவாகக் கடந்து, கதிரைச் செலுத்தினார். கருவியினுள் இருந்த காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறக்குறைய எட்டு விநாடி வேண்டும். அந்த எட்டு விநாடிக்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. திரையில் திருத்திய எழுத்து இருந்தது. கருவியின் உள்ளமைப்பில் பாதி பழைய நிலையிலேயே நின்றுவிட்டது.

'மால்ஃபங்ஷன் 54' என்று திரை காட்டியது. அதன் பொருள் என்னவென்று கையேட்டில் தெளிவான விளக்கம் இல்லை. மருந்தளவு மிகக் குறைவாகச் சென்றதாகவும் திரை கூறியது. இத்தகைய செய்திகள் அக்கருவியில் அடிக்கடி தோன்றுவது வழக்கம். ஒரு விசையைத் தட்டினால் வேலை தொடரும். அவரும் தட்டினார். உள்ளே படுத்திருந்தவருக்கு மின்சாரம் தாக்கியது போல் முதுகில் அடி விழுந்தது. எழ முயன்றபோது இரண்டாம் அடி கையில் விழுந்தது. அறையைக் காட்டும் கேமராவின் இணைப்பு அன்று அகற்றப்பட்டிருந்தது. பேச்சைக் கேட்கும் கருவியும் பழுதாயிருந்தது. அவர் எழுந்து வந்து கதவைத் தட்டினார். அவருக்குத் தரவேண்டியிருந்த அளவு 180 ராட். ஒரு சிறிய இடத்தில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

நிறுவனத்தின் என்ஜினியர்கள் வந்து சோதித்தனர். பிழை அவர்களுக்கு அகப்படவில்லை. மின்கசிவாக இருக்கலாம் என்றனர். அதுவும் இல்லையென்று உறுதியான பின், கருவி மீண்டும் இயங்கத் தொடங்கியது. நான்காம் நாள், ஏப்ரல் 11, அதே பெண்மணியின் கையில், அதே செய்தியோடு, மற்றொரு நோயாளிக்கு நேர்ந்தது. இம்முறை அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குநரான அப்பெண்மணியும் கருவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தனர். தாம் செய்ததை அவர் நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் செய்து காட்டினார். கடைசியில் 'மால்ஃபங்ஷன் 54' அவர்கள் விருப்பப்படி வந்தது. விரைவாகத் தட்டினால் வரும், மெதுவாகத் தட்டினால் வராது, இவ்வளவுதான் மறைபொருள். இயற்பியலாளர் இதனை நிறுவனத்துக்குத் தெரிவித்தார். நிறுவனத்தின் என்ஜினியராலும் வேகத்தைச் சொல்லிக் கொடுத்த பின்னரே அதனை வரவழைக்க முடிந்தது.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நோயாளி சொன்னார், 'சுட்டது' என்று. இயந்திரம் சொல்லியது, 'குறைவாகவே கொடுத்தேன்' என்று. கற்றவர்கள் இயந்திரத்தின் சொல்லை நம்பினர். பாதிக்கப்பட்டவனின் சொல் சான்றாக ஏற்கப்படாத நிலை எத்தகையது என்று நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உண்மையைக் கண்டுபிடித்தது நாள்தோறும் விசைப்பலகையைத் தட்டிய கை. அந்தக் கையின் அனுபவத்தை ஒரு கல்வி பெற்றவர் மதித்துக் கேட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததால் பிழை பிடிபட்டது.

உடனடித் திருத்தமாக நிறுவனம் என்ன செய்யச் சொல்லியது தெரியுமா? மேல்நோக்கும் அம்புக்குறி விசையின் மூடியைப் பிடுங்கிவிட்டு, அது இயங்காதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொல்லியது. 1986 மே மாதம் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் அக்கருவியைக் குறைபாடுடையது என்று அறிவித்து, முறையான திருத்தத் திட்டம் கேட்டது. திட்டம் போகும், குறை சொல்லித் திரும்பும். இப்படி மாதங்கள் கழிந்தன. அதற்குள் 1987 ஜனவரி 17 அன்று யாக்கிமாவில் மீண்டும் ஓர் உயிர் பலியாக நேர்ந்தது. இது வேறு பிழை. ஓர் இடத்தில் எண் ஒன்றைச் சுற்றுக்குச் சுற்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போக மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அந்த எண் சுழியாக இல்லாதவரை 'நிலையைச் சோதித்துப் பார்' என்று பொருள். ஆனால் அந்த எண்ணை வைத்த இடம் 255 வரையே கொள்ளும். 256ஆம் சுற்றில் அது தானே சுழியாகிவிடும். சோதனை விடுபட்டுப் போகும். அந்த நொடியில் விசையைத் தட்டியவர்க்கு விபத்து. கூட்டுவதற்குப் பதிலாக ஒரு மாறா எண்ணை எழுதி வைத்தால் போதுமாயிருந்தது. ஒரே வரி!

ஆறு விபத்துகள் அறியப்பட்டன. குறைந்தது மூவர் அதனால் இறந்தனர். நான்சி லெவசன், கிளார்க் டர்னர் ஆகிய இருவரும் 1993இல் இதனை முழுமையாக ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் தந்த செய்திகளுள் ஒன்று நம்மை இன்றும் உறுத்துகிறது. டைலரில் கண்ட பிழை பழைய தெராக்-20 கருவியிலும் இருந்தது. அங்கே அது செய்ததெல்லாம் ப்யூஸ் போனதுதான். மின்சுற்றுப் பூட்டு உயிரைக் காத்தது. ப்யூஸை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தனர்.

தெராக் காலத்தில் கருவிகள் தனித்து நின்றன. பிழை தானாக வெளிப்பட வேண்டும். இன்று கருவிகள் கம்பியாலும் காற்றலையாலும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. பிழையைத் தேடி வருபவனும் இருக்கிறான். தற்செயலாக நேரும் பிழையைக் கணக்கிட்டு, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்ல முயலலாம். வேண்டுமென்றே தேடுபவனுக்கு அக்கணக்கு பொருந்தாது. பூட்டாத கதவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருடன் தள்ளிப் பார்ப்பான் என்று யார் கணக்கிடுவது?

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நச்சு மென்பொருள் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பு பெரிதும் இடர்ப்பட்டது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைப்படி 236 மருத்துவமனை அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளிச் சந்திப்புகள் தள்ளிப்போயிருக்கும் என மதிப்பிட்டனர். ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகள் வேறு மருத்துவமனைக்கு நெடுந்தூரம் போக நேர்ந்தது. நோயறியும் கருவிகளில் 1,220 தொற்றுக்கு ஆளாயின. இது மொத்தக் கருவிகளில் நூற்றுக்கு ஒன்றே எனினும், அக்கருவிகளோடு பேசும் கணிப்பொறிகளைப் பாதுகாப்புக் கருதிப் பல இடங்களில் நிறுத்தியதால் நல்ல கருவிகளும் பயனற்று நின்றன.

இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாக. பொருத்துமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையும் போயிற்று. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பல விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அன்று அவற்றுக்குத் திருத்தம் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தது. மருந்து அலமாரியில் இருந்தது, எடுத்துக் கொடுப்பாரில்லை. நம் நாட்டிலும் 2022 நவம்பர் 23 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறிச் சேவையகங்கள் இவ்வாறே தாக்கப்பட்டு, நோயாளிப் பதிவும் ஆய்வக முடிவுகளும் பல நாள் கையெழுத்தில் நடந்தன.

அப்படியாயின், திருத்தம் வந்த அன்றே எல்லாக் கருவிகளிலும் ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே வாதிட்டோம். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

2024 ஜூலை 19ஐ எண்ணிப் பாருங்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. இருபத்தொரு மதிப்புகளை எதிர்பார்த்த இடத்தில் இருபதே தரப்பட்டன. தவறு தெரிந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றனர். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் அறுவை மருத்துவங்களைத் தள்ளி வைத்தன. பகைவன் எவனும் வரவில்லை. காவற்காரனின் கைத்தவறே காரணம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவர்க்கு அனுப்பியிருந்தால் சேதம் சிறிதாகவே முடிந்திருக்கும்.

இந்த இரு கடமைகளுக்கும் இடையே நெருக்கடி எத்தகையது என்பதை பேஸ்மேக்கர் வரலாறு காட்டும். நெஞ்சுக்குள் பொருத்தும் இதயக் கருவிகளோடு காற்றலை வழியே பேசி, அவற்றின் அமைப்பைப் பிறர் மாற்ற முடியும் என்று 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அந்நாட்டுத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த டிக் செனியின் நெஞ்சுக் கருவியில் காற்றலைத் தொடர்பை அவருடைய மருத்துவர் அடைத்துவிட்டார் என்பது 2013இல் வெளியாயிற்று. பெரிய மனிதருக்கு அந்த வசதி கிடைத்தது. மற்றவர்கள் காத்திருந்தனர்.

2017 ஆகஸ்டில், ஆபட் நிறுவனம் வாங்கியிருந்த செயின்ட் ஜூட் பேஸ்மேக்கர்களுக்குத் திருத்தம் ஒன்று வந்தது. அமெரிக்காவில் மட்டும் 4,65,000 கருவிகள். எல்லாம் உயிருள்ள மனிதர்களின் நெஞ்சுக்குள் இருப்பவை. தொலைவிலிருந்து ஏற்ற இயலாது. நோயாளி நேரில் வந்து அமர வேண்டும். மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடமும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்னும் அடிப்படை நிலையில் ஓடும். முந்தைய அனுபவத்தைக் கொண்டு, முழுமையாக ஏறாமல் பழைய மென்பொருளுக்கே திரும்புதல் நூற்றுக்கு 0.161, அமைப்புகள் அழிதல் 0.023, கருவி முற்றிலும் செயலிழத்தல் 0.003 என்று எதிர்பார்க்கலாம் என அறிவித்தனர்.

0.003 என்பது மிகச் சிறிய எண் போல் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4,65,000 பேரும் ஏற்றிக்கொண்டால் ஏறக்குறைய பதினான்கு பேர். மறுபுறம், அக்குறையைப் பயன்படுத்தி எவரும் எந்த நோயாளிக்கும் தீங்கு செய்ததாக அதுவரை அறிக்கை இல்லை. ஏற்றுவதா, விடுவதா? உணவு மருந்து நிருவாகம் ஒரே கட்டளையாக எதையும் விதிக்கவில்லை. திருத்தத்தை ஏற்பளித்தது, கருவியை அறுத்தெடுத்து மாற்ற வேண்டாம் என்றது, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது நன்மை தீமைகளைப் பேசி முடிவு செய்யுங்கள், பேஸ்மேக்கரையே முற்றிலும் நம்பி வாழ்வோர்க்குத் தற்காலிகத் துடிப்புக் கருவி அருகில் உள்ள இடத்தில் செய்வதைக் கருதுங்கள் என்றது. எண்களை மறைக்காமல் நோயாளியின் கையில் கொடுத்தது நம் மனத்துக்கு உகந்தது. தெராக் நாளில் 'நேர இயலாது' என்றனர். முப்பது ஆண்டு கழித்து 'நேரக்கூடும், இவ்வளவு' என்றனர். இந்த மாற்றம் சும்மா வந்ததன்று.

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். கை வைத்தால் அரசு அனுமதி போய்விடும், உத்தரவாதம் போய்விடும் என்னும் பேச்சு உலகெங்கும் வழங்குகிறது. இதில் பாதி உண்மை. கருவியில் ஏற்றும் திருத்தத்தைச் சோதித்து, இக்கருவிக்குப் பொருந்தும் என்று உறுதி கூற வேண்டியவர் அதனைச் செய்தவரே. மருத்துவமனை தானாக ஏற்றுவது ஆபத்து. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் புது அனுமதி வேண்டும் என்பது தவறு. பெரும்பாலானவற்றுக்கு முன்அனுமதி வேண்டியதில்லை என்று அமெரிக்க நிருவாகம் 2005ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டது. அனுமதியைக் காரணம் காட்டிச் சிலர் சோம்பியிருந்தனர் என்றே சொல்வோம். 2022 டிசம்பரில் அங்கே இயற்றிய சட்டம் 2023 மார்ச் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக அனுமதி கோரும் இணைப்புக் கருவிகளுக்கு, குறைகளைக் கண்காணித்துத் திருத்தம் தரும் திட்டமும், உள்ளே என்னென்ன மென்பொருள் உறுப்புகள் உள்ளன என்னும் பட்டியலும் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் மென்பொருள் உட்பட மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஆனால் பழைய கருவிகள்? பெரிய மருத்துவமனை கழித்ததைச் செப்பனிட்டு வாங்கும் வழக்கம் சிறிய மருத்துவமனைகளில் உண்டு. அங்கே போய்ச் சேருபவர் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

அங்குதான் நமது தொழில் தொடங்குகிறது. ஒரு கணக்குப் புத்தகம் போதும். எந்தக் கருவி, அதனுள் எந்த மென்பொருள், எத்தனையாம் பதிப்பு, கடைசித் திருத்தம் எந்நாள், ஏற்றியவர் யார், ஏ.எம்.சி. யாரிடம் என்று எழுத வேண்டும். கழகக் கணக்கை எழுதும் ஒழுங்கோடு இதையும் எழுதலாம். திருத்தம் வந்தால், நோயாளியோடு இணைக்காத ஒரு கருவியில் முதலில் ஏற்றி ஓட விட்டுப் பார்த்து, பழைய பதிப்பின் பிரதியையும் அமைப்புகளையும் பத்திரப்படுத்திவிட்டு, பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். திருத்தமே கிடைக்காத முதிய கருவியை மருத்துவமனையின் பொது இணைப்பிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதில் பென்டிரைவ் செருகும் துளையை அடைக்க வேண்டும். இங்கே இன்சுலேஷன் டேப் உண்மையிலேயே உதவும்! வென்டிலேட்டர் பக்கத்தில் கையால் அழுத்தி மூச்சுத் தரும் ஆம்பு பை எப்போதும் தொங்க வேண்டும். ப்யூஸ் போனால் மாற்றுவதோடு நில்லாமல், ஏன் போயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். செவிலியர் 'இது நேற்று ஒரு மாதிரி செய்தது' என்றால், கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு, எப்படிச் செய்தது, அதற்கு முன் எதைத் தட்டினீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பராமரிப்பு வேலைக்கு நம் ஊரில் மதிப்பு இல்லை. கருவி வாங்கிய அன்று ரிப்பன் வெட்டிப் படம் எடுப்பர். பத்து ஆண்டு அதைக் கெடாமல் வைத்திருப்பவனை யாரும் படம் எடுப்பதில்லை. துப்புரவும் பழுது பார்ப்பும் கீழான வேலைகள் என்று ஒதுக்கிய நாட்டில் இது வியப்பன்று. நம் பிள்ளைகள் இவ்வேலைக்கு வர வேண்டும் என்று நாம் கூறும்போது, மறுபடியும் அதே இடத்துக்கே எங்களை அனுப்புகிறீரா என்று ஓர் இளைஞர் நம்மிடம் நேராகவே கேட்டார். கேட்டது நியாயம். அவருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: கையொப்பமிடும் அதிகாரத்தோடு அவ்வேலைக்குப் போ. இக்கருவி இன்று நோயாளிக்குத் தகுதியானதன்று என்று எழுதிக் கீழே பெயரைப் போடும் தகுதியைப் படித்துப் பெற்றுக்கொண்டு போ. டிப்ளமோவோ பட்டமோ, உயிர்மருத்துவப் பொறியியல் படி. மின்னணுவியலும் கணிப்பொறியும் சேர்த்துப் படி. சீட்டை ஒட்டுபவனிடம் ஏன் என்று கேட்கும் அறிவு அதில் இருக்கிறது. அவர் இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறார். இந்த அவையில்தான் எங்கோ இருக்கிறார்.

கழகப் படிப்பகத்தின் பின்னறையில் ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு ஒரு வகுப்புத் தொடங்க ஆட்சிக் குழு இசைந்துள்ளது. கழித்துவிட்ட இதய மானிட்டர் ஒன்றும் மருந்துப் பம்பு ஒன்றும் கிடைத்துள்ளன. இரண்டும் ஓடவில்லை, அதுவே நமக்கு வசதி. மேல்நிலை வகுப்பில் அறிவியல் படித்தவரும் ஐ.டி.ஐ. முடித்தவரும் வரலாம். பெண் பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். டைலர் நகரில் அப்பிழையைத் திரும்ப வரவழைத்த கை யாருடையது என்று சொன்னோமல்லவா. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் நூலகரிடம் கொடுக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும், சிறிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் கொண்டு வந்தால் போதும்.